கன்றுகளின் பெயர்

எல்லாவற்றையும் மாற்றினேன், ஒன்றைத் தவிர. இருபத்தொன்பது வயதை ‘முப்பதை ஒட்டிய வயது’ ஆக்கினேன். பால் லாரி ஓட்டுகிறவனை வெறும் ‘ஓட்டுநர்’ ஆக்கினேன். அவன் படிக்கப் போன தோக்கியோவை ‘தெற்கே ஒரு பெருநகரம்’ என்று எழுதினேன். கன்றுகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அந்தக் கன்றுகள் அவன் வாழ்க்கையைக் கெடுத்தன. கன்றுகள் பாவம் என்ன செய்யும், கெடுத்தது நான்.

என் பெயர் கசாமா ஹிசாயோ. ஹொக்கைதோவின் கிழக்கு ஓரத்தில், மனிதர்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கும் எங்கள் ஊரில் முப்பத்தாறு வருடம் சுகாதார நிலையத்தில் செவிலியாக இருந்தேன். நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு கையிலும் நான் குத்தியிருக்கிறேன். அதனால் ஊரில் எனக்கு ‘ஊசி அத்தை’ என்றுதான் பெயர். மேயரே சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பார்.

ஓய்வு பெற்று இரண்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்து எனக்குப் பைத்தியம் பிடிக்க இருந்த நேரத்தில் சப்போரோவிலிருந்து துசுகி சென்செய் வந்தார். நாற்பது வயதுப் பேராசிரியை. படபடவென்று பேசுவார், தேநீரை ஆறவிட்டுத்தான் குடிப்பார். கஞ்சா புகைத்தவர்களின் உடம்பும் மனமும் என்ன ஆகின்றன, வேலையும் குடும்பமும் என்ன ஆகின்றன என்று வருடத்துக்கு ஒரு முறை அதே ஆட்களைக் கேட்டுப் பத்து வருடம் தொடர்வது அவருடைய ஆய்வு. மருத்துவமனைகளில் வைத்த அறிவிப்பைப் பார்த்துத் தாமாக முன்வந்தவர்களிடம் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். வேலையில் இருக்கிற அரசு ஊழியர் குற்றம் ஒன்று காதில் விழுந்தால் மேலே சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்றவளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தவிர, என் முகத்தைப் பார்த்தாலே எங்கள் பக்கத்து ஆட்கள் தம்மையறியாமல் சட்டைக் கையை மடித்துவிடுவார்கள். அந்த நம்பிக்கை சென்செய்க்குத் தேவைப்பட்டது.

ஊராட்சிக் கட்டிடத்தின் மாடியில், மூடிப்போன பல் மருத்துவரின் அறையைக் கொடுத்தார்கள். பதினேழாவதாக வந்தவன் ஓகிதா நவோயா. எங்கள் சாலையிலேயே ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பால் பண்ணைக்காரர் ஓகிதாவின் ஒரே மகன், பால் லாரி ஓட்டுகிறவன். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“அய்யோ, ஊசி அத்தை. நீங்களா? நான் ஓடிரவா?”

“ஓடு. ஒண்ணாம் வகுப்புல தொரத்திப் பிடிச்சேனே, அதே மாதிரி பிடிக்கிறேன்.”

“அப்ப உங்களுக்கு முட்டி நல்லா இருந்துச்சு.”

“வாய் மட்டும் அப்படியே இருக்கு உனக்கு. உக்காரு.”

உட்கார்ந்தான். சிரிப்பு போய்விட்டது. மேசைமேல் இருந்த தாள்களைப் பார்த்தபடி, “இது எங்கப்பா காதுக்குப் போகாதுல்ல?” என்று கேட்டான்.

“இந்தத் தாள்ல உன் பேரே கெடையாது. நீ பதினேழு, அவ்வளவுதான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நவோயா. செத்தாலும் சொல்ல மாட்டேன்.”

சொன்னான். பத்தொன்பது வயதில் தோக்கியோவில் அறைத்தோழன் ஒருவன் பழக்கிவிட்டது; முதல் ஆறு மாதம் வாரக் கடைசியில், அப்புறம் தினமும், அப்புறம் காலையில் எழுந்ததுமே. கல்லூரிக்குப் போவது நின்றது. சாப்பாட்டுக் கடையில் பகுதிநேர வேலை, வந்த வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்பது அடுப்படிக்குப் போவதற்குள் மறந்துவிடும். இரண்டாவது வருடம் ரயில் நிலைய அறிவிப்புகள் அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தன. கோயென்ஜி, ஒகிகுபோ, மிதாகா என்று நிலையத்தின் பெயரை ஒலிபெருக்கி சொல்லும். அதற்கு அடியில் வேறொரு குரல், ‘இவன்தான், இந்தப் பெட்டியில் நிற்கிறவன்தான்’ என்று சொல்லும். ஒரு நாள் மிதாகாவில் நடைமேடை விளிம்பிலிருந்து யாரோ அவனைப் பின்னால் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது.

வீட்டுக்குத் திரும்பி வயிற்றுப் புண் என்று சொன்னான். அம்மா நம்பினாள். தானாகவே விட்டான். குரல்கள் போக ஒன்றரை வருடம் ஆனது, ரயில் பயம் போகவில்லை. அதற்கு அவனே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான்.

“பொறக்குற கன்னுக்குட்டிக்கெல்லாம் ஸ்டேஷன் பேர் வச்சேன் அத்தை. தெனமும் நூறு தடவ கூப்புடணுமே. மிதாகா, பாலக் குடி. கோயென்ஜி, மிதிக்காத. அப்படிக் கூப்புட்டுக் கூப்புட்டு, ஒரு நாள் அது வெறும் மாட்டுப் பேராயிடுச்சு. அதுக்கு அடியில இருந்த குரல் காணாமப் போச்சு.”

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். முப்பத்தாறு வருடத்தில் எத்தனையோ நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். தன் வைத்தியத்தைத் தானே இப்படிக் கண்டுபிடித்தவன் எவனும் இல்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, “மொத்தத்தையும் இப்பதான் மொதல் தடவையா சொல்றேன்,” என்றான். “ஏதோ லோடு எறக்குன மாதிரி இருக்கு. அடுத்த வருஷமும் நீங்கதானே? எதாவது தடுமாறுனாலும் வந்து சொல்லலாம்ல?”

“சொல்றதுக்குத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன்,” என்றேன்.

முதல் வருடம் முடிந்தபோது ஊராட்சி ஒரு வேண்டுகோள் வைத்தது. அறையை இலவசமாகக் கொடுத்திருக்கிறோம், ஊருக்குப் புரிகிற மாதிரி இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நியாயமான கோரிக்கைதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போகிறவர்கள். சென்செய்க்கு எழுத நேரமில்லை. புள்ளிவிவரத்தை அவர் அனுப்பினார், எழுதியது நான்.

எண்களை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. இத்தனை சதவீதத்தினருக்கு ஞாபகக் குறைவு, இத்தனை சதவீதத்தினர் படிப்பை நிறுத்தினர் என்று எழுதினால் எந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளை படிப்பான்? ஒரு மனிதனைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவனைச் சொன்னேன். பெயரில்லாமல், ஊரில்லாமல், தொழிலை மறைத்து. ‘தன்னைப் பயமுறுத்திய ரயில் நிலையங்களின் பெயர்களையே தன் வீட்டுக் கன்றுகளுக்கு வைத்துத் தினமும் கூப்பிட்டுத் தேறினார்’ என்று ஒரு வரி. நிலையங்களின் பெயர்களைக்கூட எழுதவில்லை. அந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் படித்தேன். கண் கலங்கியது. என் எழுத்துக்கு நானே அழுத கூத்து அது. சென்செய் தொலைபேசியில், “கசாமா-சான், அந்தக் கன்னுக்குட்டி எடம் பிரமாதம்,” என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

எங்கள் பக்கம் ஊர் அறிவிப்புகள் சுற்றுப் பலகையில்தான் போகும். அட்டைப் பலகையில் தாளைச் செருகி, படித்ததும் குடும்ப முத்திரையைக் குத்தி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். எங்கள் சாலையில் பதின்மூன்று வீடுகள். அந்த வருடம் சாலையின் பொறுப்பாளர் நான். ஆகவே நானே என் கட்டுரையைச் செருகி, முதல் கட்டத்தில் என் முத்திரையைக் குத்தி, பக்கத்து வீட்டு ஷிபுகாவா அம்மாளிடம் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் கூட்டுறவுக் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஷிபுகாவா அம்மாள் பக்கத்தில் வந்து முழங்கையால் இடித்தாள்.

“நல்லா எழுதியிருந்தீங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. அது ஓகிதா வீட்டுப் பையன்தானே?”

“எது?”

“அட, என்கிட்டயே மறைக்கிறீங்களே. போன வருஷம் மாட்டுக் கண்காட்சில ‘ரெண்டாம் பரிசு, மிதாகா!’ன்னு மைக்குல கத்துனாங்கள்ல? ஊரே சிரிச்சுச்சே. மாட்டுக்கு ரயில்வே ஸ்டேஷன் பேரான்னு எங்க வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. வயித்துப் புண்ணுன்னு சொன்னாங்க பாவம். இப்பல்ல தெரியுது.”

அந்தக் கண்காட்சியில் நானும் இருந்தேன். முதலுதவிக் கூடாரத்தில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். கையில் இருந்த வெங்காயத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

சாக்கடைக் குழாய் மாற்றுகிறோம் என்று போன மாதம் ஓர் அறிவிப்பு விட்டபோது அது பதின்மூன்று வீட்டையும் சுற்றிவர இருபது நாள் ஆனது. ஒரு வீட்டில் அதன்மேல் முள்ளங்கியை நறுக்கியிருந்தார்கள். இந்தப் பலகையோ ஓடியிருக்கிறது. நான்காவது வீட்டில் “நேத்தே போயிடுச்சே” என்றார்கள். ஏழாவது வீட்டில் “காலையில குடுத்துட்டோம்” என்றார்கள். ஒன்பதாவது வீட்டுக் கிழவர் என்னைப் பார்த்ததும் பல்லில்லாத வாயால் சிரித்து, “ஊசி அத்தை, நல்ல வேலை பண்ணீங்க. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியணும்,” என்று கையைப் பிடித்துக்கொண்டார். பதினோராவது வீட்டில் ஆள் இல்லை. பன்னிரண்டாவது ஓகிதா வீடு.

மாலைக் கறவை தொடங்கியிருந்தது. இயந்திரங்களின் சீரான சத்தம். நவோயாவின் அம்மா ஃபுமியே தொழுவத்து வாசலில் ரப்பர் பூட்சோடு நின்றிருந்தாள். பலகை தீவன மூட்டைமேல் இருந்தது. அவளுக்குப் பின்னால் வரிசையாக மாடுகள், ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் சின்னப் பலகையில் நவோயாவின் கையெழுத்தில் பெயர்.

“ஃபுமியே-சான், அதை எங்கிட்ட குடுங்க. நான் எடுத்துட்டுப் போயிர்றேன். தப்பா போட்டுட்டேன்.”

“படிச்சுட்டேன் ஹிசாயோ-சான்.”

“குடுங்க. கிழிச்சுப் போட்டுர்றேன்.”

“ரெண்டு வருஷம் கஞ்சி வச்சுக் குடுத்தேன்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் போடுகிறவளைப் போலச் சொன்னாள். “வயித்துக்கு ஆகாதுன்னு உப்புகூடப் போடாம. ஒரு வேளையும் வேணாம்னு சொல்லல அவன். அத்தனையையும் குடிச்சான்.”

அவள் முன்கட்டுத் துணியில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள், முத்திரையோடு வந்தாள். பன்னிரண்டாவது கட்டத்தில் அழுத்திக் குத்தினாள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் இழுக்கக்கூடச் செய்தேன்.

“விடுங்க. எங்க முத்திரை இல்லாம நின்னுபோனா, படிச்சுட்டு ஒளிச்சுவச்சுட்டாங்கன்னு பேசுவாங்க. படிச்சோம்னே தெரியட்டும்.”

கறவையைப் பாதியில் விட்டுவிட்டு, பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு பதின்மூன்றாவது வீட்டுக்கு நடந்து போனாள். அரை கிலோமீட்டர் தூரம். அவள் திரும்பி வரும்வரை நான் அங்கேயே நின்றேன். திரும்பி வந்தவள் என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. எங்கள் ஊரில் திட்ட மாட்டார்கள், விலகி நிற்பார்கள். பால் போக்குவரத்துக் கம்பெனியில் நவோயாவிடம் “கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்க” என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. ரோந்து போலீஸ்காரர் ஒருவர் “சும்மா பேசிட்டுப் போகலாம்னு வந்தேன்” என்று இரண்டு முறை பண்ணைக்குப் போனார். அப்பா ஓகிதா இவாவோ மாடுகளின் தலைக்கு மேலிருந்த பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துவிட்டு வெறும் எண்களைத் தொங்கவிட்டார். அன்றைக்கே நவோயா வீட்டை விட்டுக் கிளம்பி, ரயில் நிலையத்துக்கு எதிரே மூடிக்கிடக்கும் நூடுல்ஸ் கடையின் மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டான். ரயில் நிலையத்துக்கு எதிரே.

என்னையோ பாராட்டினார்கள், அதுதான் பெரிய தண்டனை. நடுநிலைப் பள்ளியில் வந்து பேசச் சொன்னார்கள். கடைத்தெருவில் தாய்மார்கள் நிறுத்தி நன்றி சொன்னார்கள். மறுத்துப் பேச வாயைத் திறந்தால் அது அவன்தான் என்று நானே உறுதிப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும். ஆகவே தலையைக் குனிந்து நன்றியை வாங்கிக்கொண்டேன்.

இனிப்புப் பெட்டி ஒன்றைத் துணியில் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். இவாவோ வாசலுக்கு வந்தார். நான் நெற்றி தரையில் பட வணங்கினேன். என் தலைக்கு மேலே அவர் மூச்சு விடுவது கேட்டது.

“எந்திரிங்க கசாமா-சான். முட்டி வலிக்கப் போவுது.”

எழுந்தேன்.

“ஊசி போடும்போது, கொஞ்சம் வலிக்கும்னு சொல்லிட்டுத்தான் போடுவீங்க. இந்தத் தடவ சொல்லாமப் போட்டுட்டீங்க.” பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். வாங்காமல் திருப்பி அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை.

துசுகி சென்செயிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவரும் மறைக்கவில்லை, பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதினார். நவோயாவுக்கும் வருத்தக் கடிதம் போனது. ஊரில் மிச்சமிருந்த தாள்களைத் திரும்ப வாங்கினோம். படித்ததைத் திரும்ப வாங்க முடியுமா?

“நான் விலகிக்கிறேன் சென்செய்,” என்றேன்.

“நானும் படிச்சேன் கசாமா-சான். கன்னுக்குட்டிய மாத்துங்கன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. ஏன்னா அது நல்லா இருந்துச்சு.” மறுமுனையில் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. “விலகுறதும் விலகாததும் பதினேழோட இஷ்டம். வேற ஆள் வேணுமான்னு அவங்ககிட்டயே எழுதிக் கேட்டிருக்கேன். கசாமா-சானே இருக்கட்டும்னு பதில் வந்திருக்கு.”

அந்தப் பதிலை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன். அன்றிலிருந்து நாள் எண்ணினேன்.

இரண்டாம் வருடம், உருளைக்கிழங்கு அறுவடை முடிகிற சமயத்தில் வந்தான். பக்கத்து ஊர் மாவு ஆலையில் மூட்டை தூக்குவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்து ஓடிரவா என்று கேட்கவில்லை. நான்தான் எழுந்து நின்றேன்.

“நவோயா, நான் உன்கிட்ட…”

“கேள்வியக் கேளுங்க அத்தை. ஆறு மணிக்கு ஷிப்டு.”

முதல் பக்கத்தை எடுத்தேன். அதில் முதல் கேள்வியே, கடந்த பன்னிரண்டு மாதங்களில் கஞ்சா பயன்படுத்தினீர்களா என்பதுதான். அவன் அந்தத் தாளைத் தலைகீழாகப் படித்துவிட்டு, “அத கடைசியா வச்சுக்கலாம்,” என்றான். விதிப்படி அப்படி மாற்றக் கூடாது. மாற்றினேன்.

பதினைந்து வார்த்தைகளை நான் வாசிக்க, அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். போன வருடம் பன்னிரண்டு சொன்னான். அன்றைக்கு ஆறு சொல்லிவிட்டு நின்றான். ஏழாவதாக நான் வாசிக்காத ஒரு வார்த்தையைச் சொன்னான். கண்கள் சிவந்திருந்தன, என் கேள்வி ஒவ்வொன்றும் அவனிடம் போய்ச் சேர நேரம் பிடித்தது. தூக்கமில்லாத ஆலை வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்தேழு பேரைக் கேட்டுப் பழகியவளுக்கு அந்தச் சமாதானம் எவ்வளவு நேரம் நிற்கும்?

அடுத்து, அந்த வருடம் புதிதாகச் சேர்த்த பகுதி. வேலை, குடும்பம், அக்கம்பக்கம் என்று சமூகத் தீங்குகளை விரிவாகக் கேட்கும் பகுதி. அதைச் சேர்க்கும் யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சென்செய் அவன் கதையைப் படித்த பிறகுதான் வந்தது.

“கடந்த பன்னிரண்டு மாசத்துல, கஞ்சா காரணமா வேலை போச்சா?”

“வேலை போச்சு.”

“குடும்பத்தோட பேச்சுவார்த்தை நின்னுச்சா?”

“நின்னுச்சு.”

“அக்கம்பக்கத்துல ஒதுக்குனாங்களா?”

“ஒதுக்குனாங்க. ஆனா கேள்வில ஒண்ணு இருக்கே அத்தை, கஞ்சா காரணமான்னு. அந்த நேரத்துல நான் அதத் தொட்டு ஏழெட்டு வருஷம் ஆயிருந்துச்சு. காரணம்னு எதப் போடுவீங்க?”

‘பிற காரணங்கள்’ என்று ஒரு கோடு இருந்தது, விரல் நீளத்துக்கு. அதில் ‘ஆய்வாளரின் கவனக்குறைவு’ என்று எழுதினேன். அவன் எட்டிப் பார்த்தான்.

“கவனக்குறைவா?”

பேனாவைக் கீழே வைத்தேன்.

“எழுதுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தடவ காட்டியிருக்கலாம்ல? அஞ்சு கிலோமீட்டர்தான். தெனமும் உங்க வீட்டு வழியாத்தான் லாரிய ஓட்டிட்டுப் போனேன். கை காட்டுவீங்க. எழுதுனத ஏன் காட்டல?”

ஒரு வருடமாக நான் யாரிடமும் சொல்லாதது அது. சென்செயிடம் சொல்லவில்லை, குழுவுக்கு எழுதிய விளக்கத்திலும் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் எழுதியிருந்தேன்.

“காட்டுனா கன்னுக்குட்டிய நீ எடுக்கச் சொல்லுவன்னு தெரியும்,” என்றேன். “எடுக்க எனக்கு மனசு வரல. அது நல்லா வந்திருந்துச்சு. ஊரே படிக்கும்னு ஆசையா இருந்துச்சு. அதான் காட்டல. மறக்கல நவோயா. தெரிஞ்சேதான் செஞ்சேன்.”

அவன் தலையை மெல்ல ஆட்டினான். வெகுநாளாக அவனுக்குத் தெரிந்திருந்த ஒன்றை நான் இப்போதுதான் சொல்லியிருக்கிறேன் என்பதுபோல இருந்தது அந்தத் தலையாட்டல். கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, நான் சொன்னதை அப்படியே எழுதினேன். கோடு போதாமல் ஓரம் முழுக்க எழுதினேன். கடைசியில் என் பெயரைப் போட்டேன். அழுகை வந்தது. ஆனால் அவன் முன்னால் அழுவது அவனிடம் ஆறுதல் கேட்பதாகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

மிச்சமிருந்தது முதல் பக்கம்தான்.

என்ன நேர்ந்திருந்தாலும் சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். சொன்னால் எனக்குத் தெரிந்த மருத்துவர் இருக்கிறார். குரல்கள் திரும்பியிருந்தால் மருந்து இருக்கிறது. வாரம் ஒரு நாள் நானே அந்த நூடுல்ஸ் கடை மாடிக்குச் சாப்பாடு எடுத்துப் போவேன். அவன் ‘ஆமா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் ஆரம்பித்துவிடலாம்.

“கடந்த பன்னிரண்டு மாசத்துல, கஞ்சா பயன்படுத்துனீங்களா?” எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

ஜன்னல் பக்கம் பார்த்தான். கீழே, பக்கத்திலிருந்த ரயில் நிலையத்தில் நான்கு மணி வண்டி வருகிற நேரம். அறிவிப்பு ஏதோ கேட்டது, வார்த்தைகள் புரியவில்லை. எனக்குத்தான் புரியவில்லை. அவன் தோள்கள் விறைத்து, காது அந்தப் பக்கமே நின்றது. அது ஓயும்வரை அவன் மூச்சு விடவில்லை.

“இல்லன்னு எழுதுங்க,” என்றான்.

“நவோயா, இங்க சொல்லு. என்கிட்ட சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க அத்தை.”

எழுந்து, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளி, வணங்கிவிட்டுப் போனான். படியில் அவன் இறங்குகிற சத்தம் நின்றபிறகு, ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டேன்.